மலைப் பயணமும் இரயில் செலவும்

தோட்டத்து இளைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து மலையேறப் போவது இப்போது சாதாரணம். நடப்பதற்குக் காசு வேண்டாம். மலையடிவாரம் போய்ச் சேருவதற்குத்தான் காசு. வீட்டில் பெற்றோர் தயங்குவதும் அங்கேதான்.

பாலிங்கில் இரயில் நிலையம் இல்லை. ஆகவே செலவுக் கணக்கை நிலையத்தில் தொடங்காமல் வீட்டு வாசலில் தொடங்குங்கள். சுங்கை பட்டாணி வரை வேன் பிடிக்கும் செலவு, சில வேளைகளில் இரயில் டிக்கட்டையே மிஞ்சிவிடும். நாலு பேராகப் பகிர்ந்தால்தான் கட்டும்.

முதல் பயணத்துக்கு ஜெராய் மலையே போதும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். சுங்கை பட்டாணியில் பாடாங் பெசார் பக்கம் போகும் கொம்யூட்டர் ஏறினால் அடுத்த நிறுத்தம் குரூண். கட்டணம் சில வெள்ளிதான். கொம்யூட்டரில் இருக்கைப் பதிவு இல்லை. அன்றைக்கே போய் டிக்கட் வாங்கலாம். இ.டி.எஸ். வண்டி அப்படியல்ல. விரைவு அதிகம், கட்டணமும் அதிகம். இடத்தை முன்னதாகவே பதிவு செய்யவேண்டும். தீபாவளி, நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை என்றால் கடைசி வாரத்தில் இடமே கிடைக்காது. கொம்யூட்டர் போகும் ஊருக்கு இ.டி.எஸ். எடுப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். 60 வயதைக் கடந்த மலேசியருக்கும் சிறுவர்களுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

ஜெராயைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆசை கிளந்தானில் உள்ள ஸ்தோங் மலை. அதன் அடிவாரத்து ஊரான டாபோங்கில் இரயில் நிலையம் உண்டு. உடனே சுங்கை பட்டாணியில் டிக்கட் கேட்கப் போய்விடாதீர்கள்! நம் மேற்குக்கரைப் பாதையும் கிளந்தான் பாதையும் ஒன்றுசேருவது தெற்கே கிம்மாஸில் மட்டும்தான். முழுக்க இரயிலிலேயே போனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாகும்.

சிக்கனமான வழி வேறு. கெரிக், ஜெலி வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கிளந்தான் போகும் விரைவுப் பேருந்தில் ஏறுங்கள். தானா மேராவில் நிற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இறங்கி, தெற்கே போகும் ஷட்டில் இரயிலில் டாபோங் சேரலாம். கிராமத்து மக்கள் அன்றாடம் போகும் வண்டி அது. கட்டணம் மிகக் குறைவு. 1931இல் முழுமை பெற்ற பாதை. யுத்த காலத்தில் ஜப்பானியர் இதன் ஒரு பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் மரண இரயிலுக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோன அதே வேலைக்குத்தான்.

திரும்பும் வண்டியில்தான் பலருக்கும் காசு போகிறது. ஷட்டில் வண்டிகள் நாளைக்குச் சில தடவைகள்தான் ஓடும். அதை விட்டுவிட்டால் வாடகைக்காருக்குக் கொடுப்பது முழுப் பயணச் செலவையும் தாண்டும். அதைப் பிடிக்கவேண்டுமென்று இருட்டில் மலையிலிருந்து ஓடிவருவது அதைவிட ஆபத்து. ஆகவே இறங்கும் நாளுக்கும் வண்டி ஏறும் நாளுக்கும் இடையில் ஓர் இரவு விடுங்கள். புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை எழுதி, ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கம் போகவேண்டாம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு இரயில் பாலமே இடிந்து விழுந்தது. மழைக்காலம் கழிந்த பிறகு, மாசி, பங்குனியில் போகலாம். வழிகாட்டியின் கூலியையும் அனுமதிக் கட்டணத்தையும் அதற்குள் சேர்த்துவைக்க நேரம் இருக்கும்.