மீனில் பார்மலின், கொப்பரையில் கந்தகம்

(உடுமலைப்பேட்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரிகளில் பிணம் அழுகாமலிருக்க ஏற்றும் மருந்து பார்மலின். 2018 ஜூனில் கேரள சர்க்கார் ‘சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனை நடத்தி, நமக்கு அருகிலுள்ள வாளையாறு சாவடியிலும், ஆரியங்காவிலும் அந்தப் பார்மலின் கலந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோ பிடித்தது. பணக்காரன் உயிர்மீன் வாங்குவான். சந்தையில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவது நாம்தான்.

நம்மூர்ச் சங்கதியும் உண்டு. உடுமலை, காங்கேயம் வட்டாரம் தேங்காய்ச் சீமை. மழை பிடித்தால் கொப்பரையில் பூசணம் பூக்கும். அதைத் தடுக்கவும், பார்வைக்கு வெள்ளையாக்கவும் சில களங்களில் கந்தகம் கொளுத்திப் புகை காட்டுகிறார்கள். கூடாதென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் புகை, கொளுத்துகிற கூலியாளின் கண்ணை எரிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது. அந்தக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய்க்கு ‘இரசாயனம் கலவாதது’ என்று லேபிள் ஒட்டினால் அது பச்சைப் பொய்!

கெடாமல் காக்கும் சரக்கெல்லாம் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் சோடியம் பென்சோயேட்டை அளவோடு சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் சேர்த்ததை லேபிளில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1954-லேயே கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 2006-ல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பொய் லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். நஞ்சுணவால் உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் நஷ்டஈடு. 40-வது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பரிசோதிக்கச் செய்யலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் அன்றாடங்காய்ச்சி தனியாகக் கட்டணம் கட்டுவாரா? சங்கம் கட்டலாமே! பில்லைக் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். சந்தேகமான பொருளைச் சங்கத்திடம் கொண்டு வாருங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூட்டாகப் போவோம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான்: தள்ளுவண்டிக்காரரோடு சோதனையை நிறுத்தாதே, மொத்த வியாபாரியின் குடோனையும் திற! சிறு விவசாயி கந்தகத்தை நாடாதிருக்க, ஊர்தோறும் பொதுச் சூரிய உலர்த்தி அமைத்துக் கொடு!

சட்டம் புத்தகத்தில் கிடக்கிறது, தோழர்களே. அதை நடக்க வைக்கும் கால்கள் நம்முடையவை!