அன்னிய தேசத்தில் முதல் நாற்பது நாட்கள்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று மாலை இம்மேடையில் சால்வையும் மாலையும் பெற்றுக்கொண்ட மூவரையும் கண்டு நாம் எல்லோரும் மனம் பூரித்தோம். பூரிக்கவேண்டியதே. காரியதரிசி அவர்கள் என்னைப் பேசப் பணித்தபொழுது, வழியனுப்பு உபசாரத்திற்கு ஏற்றதாக நாலு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அந்த நாலு வார்த்தைகளையும் எனக்கு முன் பேசிய பெரியவர்கள் என்னினும் அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஆதலின், விமான நிலையத்தில் நாம் கையசைத்துவிட்டு வீடு திரும்பியபின், அப்பிள்ளைக்கு முதல் சில வாரங்களில் என்ன நேருகிறது என்பதைக் குறித்து எனக்குத் தெரிந்த அளவில் சொல்ல உத்தேசிக்கிறேன். இதில் என் குடும்ப விஷயமும் சிறிது கலந்து வரும். சபையோர் பொறுத்தருள வேண்டும்.

நம்முடையதைப் போன்ற ஒரு குலச் சபையிலிருந்தே தொடங்குகிறேன். 1888-ஆம் வருஷம் பம்பாயில் மோட் பனியா குலத்தார் ஒரு கூட்டம் கூட்டினார்கள். அக்குலத்தில் அதுவரை ஒருவரும் சீமைக்குச் சென்றதில்லை. இப்பொழுது பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பாரிஸ்டர் படிப்புக்குச் செல்ல ஆயத்தமாகிவிட்டார் என்று கேள்வியுற்று, அவரைச் சபைக்கு அழைத்து விசாரித்தார்கள். நாட்டாண்மை செய்த சேட், இளைஞரின் காலஞ்சென்ற தந்தைக்கு வேண்டியவர். தூர உறவும் ஆவார். கடல் யாத்திரை தருமத்திற்கு விரோதம், அங்கே ஆசாரத்தைக் காத்துக்கொண்டு வாழ இயலாது என்று அவர் எடுத்துச் சொன்னார். இளைஞரோ, தாயாரின் முன்னிலையில் மதுவும் மாமிசமும் பரஸ்திரீ சங்கமும் விலக்குவதாகத் தாம் விரதம் பூண்டிருப்பதைச் சொல்லி, பயணத்தைக் கைவிட மறுத்தார். சேட் வெகுண்டு, இன்று முதல் இவன் சாதிப் பிரஷ்டன் என்றும், இவனுக்கு உதவி செய்பவரும் வழியனுப்பத் துறைமுகம் போகிறவரும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்புச் செய்துவிட்டார். பிரயாணப் பணத்தை வைத்திருந்த மைத்துனர் சாதிக் கட்டுக்கு அஞ்சிக் கொடுக்க மறுக்கவே, குடும்ப நண்பர் ஒருவரிடம் கடன் பெற்று, செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி அவ்விளைஞர் கப்பலேறினார். அவர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

கடல் கடந்தால் குலம் கெடும் என்ற பேச்சு நம் பெரியவர்களிடத்தும் இருந்ததே. என் பாட்டனார் காலத்தில் இரங்கூனுக்குப் போய் வந்த ஒருவர் வீட்டில் கைநனைக்கத் தயங்கியவர்களைப் பற்றிச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இன்று அபராதம் விதித்த இடத்தில் சால்வை போர்த்துகிறோம். இது நல்ல மாறுதல். ஆனால் அன்று சேட் கேட்ட கேள்வியில் ஒரு பாதி, அதாவது “அங்கே போய் இவன் எப்படி இருப்பான், என்ன உண்பான்?” என்ற பாதி, விரோதத்தினாற் கேட்கப்பட்டதாயினும் கேட்கத் தக்க கேள்வியே. நாமோ இப்பொழுது அதைக் கேட்பதையே விட்டுவிட்டோம்.

காந்தியடிகளின் முதல் வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதை அவரே தம் சுயசரிதையில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். கப்பலிற் கத்தி முள்ளைக் கையாளத் தெரியாது; எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லையென்று பரிசாரகரிடம் கேட்க நா எழாது; ஆகவே அறைக்குள்ளேயே அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிட்டாய்களையும் பழங்களையும் தின்றே பெரும்பாலும் காலம் கழித்தார். கரையிறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைப் பிளானல் உடுப்பு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் அந்த உடுப்போடு இறங்கிப் பார்த்தால், அத்துறைமுகத்தில் வெள்ளையுடுத்தியவர் அவர் ஒருவரே! பெட்டிகளையும் சாவிகளையும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டபடியால் உடனே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பெரிய ஹோட்டலில் தங்கினார். மூன்று பவுன் கட்டணம் கண்டு திடுக்கிட்டார்.

அன்றிரவே டாக்டர் பிராணஜீவன மேத்தா என்பவர் தேடி வந்து பார்த்தார். அவருடைய உரோமத் தொப்பியைக் காந்தியடிகள் ஆவலோடு எடுத்து எதிர்ப்புறமாகத் தடவிவிட, உரோமம் கலைந்துபோயிற்று. டாக்டர் சற்றுச் சினந்தார். பிறகு அதையே முதல் பாடமாக வைத்துக்கொண்டு, பிறர் பொருளைத் தொடலாகாது, கண்டவுடன் சொந்த விஷயங்களைத் துருவிக் கேட்கலாகாது, உரத்துப் பேசலாகாது என்றெல்லாம் உபதேசித்தார். ஹோட்டலில் தங்குவது கட்டுப்படியாகாது, ஒரு குடும்பத்தோடு தங்குவதே நல்லது என்றும் சொன்னார். இரவுகளில் தாயாரின் நினைவு வந்து கண்ணீர் பெருகும், யாரிடம் சொல்லி ஆறுவது என்று தெரியாது என்று காந்தியடிகள் எழுதியிருப்பதை நமது பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றவர் அந்த அறையில் அழுதிருக்கிறார். அழுவது பேடித்தனம் என்று இனி எவரும் சொல்லற்க.

அழுகையைவிடப் பெரிது பசி. விடுதிக்காரியின் வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க அவருக்கு வெட்கம். வயிறு நிறையாமலேயே எழுந்துவிடுவார். சைவ உணவுச் சாலைகள் இருப்பதாக அந்த அம்மையார் ஒருநாள் சொன்னார். அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தினந்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் கால் வைத்தபின் மனநிறைவோடு உண்ட முதல் உணவு அதுவே என்கிறார். சபையோர் யோசிக்க வேண்டும்: அத்தெருவின் பெயரை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்? செலவு ஒரு காசும் இல்லை. சொல்ல ஆள் இல்லை. கேட்க வாய் வரவில்லை.

இனி நம் நாட்டுப் புதல்வர் ஒருவர். கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1914-ஆம் வருஷம் மார்ச் மாதம் 17-ஆம் தேதி சென்னையிற் கப்பலேறினார். தாயாரையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டு, பிறகே குடுமியைக் களைந்துகொண்டார்; அக்கோலத்தை அவர்கள் காணவேண்டாம் என்று எண்ணினார் போலும். ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் சேர்ந்தவரை, கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் மோட்டாருடன் வந்து எதிர்கொண்டார். சில நாட்களுக்குப்பின் தம் இல்லத்திற்கே அழைத்துச் சென்று ஏறக்குறைய ஆறு வாரம் வைத்திருந்தார். ராமானுஜனின் முதல் நாற்பது நாட்கள் நல்லபடி கழிந்தமைக்கு அந்தத் தம்பதிகளே காரணம். அதன்பின் கல்லூரி அறையில் தனித்து வாழ்ந்தபோது நேர்ந்ததைப் பாருங்கள். குளிரால் இரவில் உறக்கமில்லை என்று அவர் சொல்லக்கேட்டு, பின்னாளில் புள்ளியியலில் பெயர் பெற்ற மகலநாபிஸ் என்னும் மாணவர் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் மெத்தையடியில் நன்றாகச் செருகி மடிக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தளர்த்தி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், ராமானுஜன் மேல்விரிப்பின்மேல் மேலங்கியோடு படுத்துவந்திருக்கிறார்! எண்களின் மர்மங்களைக் கண்டவருக்குக் கம்பளியின் மர்மம் தெரியவில்லை என்று நகைக்கலாம். எனக்கு நகைப்பு வரவில்லை. அவர் நோயுற்றுத் திரும்பி 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். கடல் கடந்த தோஷத்திற்குப் பிராயச்சித்தம் ஆகவில்லை என்று உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கும் வரவில்லை என்பது சரித்திரம்.

பெண் பிள்ளையொருத்தியும் இன்று மாலை பெற்றவர்களில் இருப்பதால் ஆனந்திபாய் ஜோஷியையும் ஒரு வார்த்தை நினைப்பூட்டுகிறேன். 1883-ஆம் வருஷம் பதினெட்டு வயதில் அமெரிக்கா சென்று, 1886-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அம்மாதரசியை, அதற்குமுன் கடித வாயிலாக மட்டுமே அறிந்திருந்த கார்ப்பென்டர் என்னும் அம்மையார் எதிர்கொண்டு, கல்லூரி திறக்கும்வரை தம் மகளைப்போல் வீட்டில் வைத்துக்கொண்டார். துணைக்கு அகப்படுபவர் நம் சாதியாராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

இப்பொழுது என் வீட்டு விஷயத்திற்கு வருகிறேன். என் புதல்வன் 2025-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி ஜெர்மனிக்குப் புறப்பட்டான். விஜயதசமி, காந்தி ஜயந்தியும் அன்றே. கல்விக்கு இதனினும் சிறந்த நாளுண்டோ என்று நாங்கள் மகிழ்ந்தோம். மறுநாள் அத்தேசத்தின் தேசீயத் திருநாள், கடைகள் அடைப்பு என்பதை எங்கள் பஞ்சாங்கம் சொல்லவில்லை. சனியன்று கடைத்தெரு திறந்திருந்தது. ஞாயிறன்று மறுபடியும் அடைப்பு. அங்கே ஞாயிறுதோறும் கடைகள் மூடியிருக்கும். பையன் முதல் நாள் முழுதும் அவன் தாயார் கட்டிக்கொடுத்த முறுக்கையும் புளிக்காய்ச்சலையும் உண்டிருக்கிறான்.

அது பெரிதல்ல. பெரிதாய் வந்தது வேறு. அந்நாட்டு விதிப்படி, மாணவன் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முன்னதாகவே ஒரு முடக்கக் கணக்கிற் செலுத்தியிருந்தோம். மாதம் 992 யூரோ வீதம் விடுவிப்பார்கள். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு பாங்கிக் கணக்கு வேண்டும். அவன் அணுகிய பாங்கியோ குடியிருப்புப் பதிவுச் சீட்டைக் கேட்டது. பதிவு செய்யக் குடிவைத்தவரின் கையெழுத்துப் பெற்ற பத்திரம் வேண்டும். அவன் தற்காலிகமாகத் தங்கிய விடுதியில் அப்பத்திரம் தர மறுத்துவிட்டார்கள். நிலையான அறைக்கு அலைந்தால் முன்பணம் கேட்கிறார்கள். முன்பணமோ கணக்கிற் பூட்டிக் கிடக்கிறது. லட்சக்கணக்கில் பணம் அவன் பெயரில் இருந்தும், கையிற் கொண்டுபோன சில்லறையை எண்ணி எண்ணி ரொட்டி வாங்கியிருக்கிறான். காலிப் புட்டிகளைக் கடையிற் கொடுத்தால் புட்டிக்கு இருபத்தைந்து சென்ட் திருப்பித் தருவார்களாம். அதையும் சேர்த்து வைத்தானாம்.

இவற்றை அவன் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இச்சபையில் ஒப்புக்கொள்ள வந்தேன். பத்தாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, “அப்பா, இங்கே எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை” என்றான். நான், “எத்தனை லட்சம் கடன் தெரியுமா? ஊரார் பிள்ளைகளெல்லாம் இருக்கவில்லையா?” என்றேன். அதன்பின் அவன் எப்பொழுதும், “நன்றாக இருக்கிறேன், அப்பா” என்றே சொல்லி வந்தான். நானும் அதை நம்பி, சங்கத்து நண்பர்களுக்கெல்லாம் அவனுடைய படங்களைக் காட்டி வந்தேன். அவன் தாயார் மாத்திரம், “கன்னம் ஒட்டியிருக்கிறது, குரலும் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். நான் செவிசாய்க்கவில்லை. அக்டோபர் இறுதி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். அதுமுதல் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் அவன் வகுப்புக்கும் போகாமல் படுத்துக் கிடந்ததை, அதே கலாசாலையில் இரண்டு வருஷம் முன்சென்ற மதுரைப் பையன் ஒருவன் கண்டுபிடித்து, தன் அறைக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, தன் வீட்டுக்காரரிடமே பேசி ஓர் அறையும் பத்திரமும் வாங்கிக் கொடுத்தான். அவன் நம் குலத்தானல்லன். நவம்பரில் அவன் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. என் மகன் இப்பொழுது சௌக்கியமாகப் படித்து வருகிறான். ஆயினும் அந்த முதல் மாதத்தைப்பற்றி இன்னும் என்னிடம் வாய் திறப்பதில்லை.

ஆகவே ஒரு பிரேரணை. நமது சங்கம் மாணவருக்குக் கொடுக்கும் உதவி முழுவதும் இப்பொழுது கல்விக் கட்டணமாகவே போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பிரித்து, பாங்கிக்கும் பத்திரத்துக்கும் காத்திராமல் மாணவன் தன் கையாலேயே எடுத்துச் செலவழிக்கும்படி, முதல் இரண்டு மாதச் செலவுக்கென்று தனியே கொடுக்க வேண்டும். அவன் போகும் ஊரில் முன்பே படித்தவர் ஒருவர், எக்குலத்தவராயினும், நாற்பது நாள் வரையில் இரண்டு நாட்களுக்கொருமுறை பேசுவதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். அவர் கேட்கவேண்டியது பரீட்சையைப் பற்றியல்ல. இன்று என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய், கையில் எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையே. பெற்றோர் அந்நாட்களில் கடன் கணக்கைப் பேசாதிருக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுத முடியாதாம். காரியதரிசி சட்டம் சொல்கிறார். எழுதாவிட்டால் போகட்டும், என்னைப் பார்த்தாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

மேடையிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. மூன்றாவது ரொட்டித் துண்டுக்குமேல் வேண்டுமானால் கேளுங்கள். கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். வெட்கம் ஒரு நிமிஷம்.

இந்நிதிக்கு முதல் தொகையாக என் பங்கை இப்பொழுதே காரியதரிசி அவர்களிடம் ஒப்படைக்கிறேன். வழியனுப்பச் சென்றதற்காக நான் செலுத்தும் ஒன்றேகால் ரூபாயும் அதனுள் அடக்கம். பிரேரணையை ஆமோதிப்பவர் யாரேனும் உளரா என்று அக்கிராசனர் அவர்கள் கேட்டருள வேண்டும்.