புழுங்கல் அரிசியும் நம் பிள்ளைகளும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆகவே நீட்டிப் பேசப் போவதில்லை. அரிசியைப் பற்றிச் சில வார்த்தைகள் மட்டும். "அரிசியில பேச என்ன இருக்கு டீச்சர்?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இருக்கிறது ஐயா, கேளுங்கள்.

ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன் மலாயாவைப் பெரிபெரி என்ற நோய் ஆட்டிவைத்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது. நெஞ்சு அடைத்து ஆள் போய்விடுவான். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கோ அந்நோய் அரிதாகத்தான் வந்தது. நம் ஆட்கள் பலசாலிகள் என்பதாலா? அதெல்லாம் இல்லை. சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி. நம்மவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார்.

1905இல் டாக்டர் பிளெச்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு பிரிவாக்கினார். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் கால் பங்குக்கு மேற்பட்டவர்களை நோய் பிடித்தது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. மனம் கலங்கியவர்களை வைத்துச் சோதித்தது என் மனதுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் உண்மை வெளிவந்தது. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள், தீட்டும்போது போகிற தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள். அதைத்தான் இன்று பி1 உயிர்ச்சத்து என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். நம் பாட்டிமார் இதைத் தெரிந்தா செய்தார்கள்? அரிசி உடையாது, பூச்சி அண்டாது என்று அவித்தார்கள். அது உயிரையும் காத்தது.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கே கதியென்று கிடந்து மெலிந்தவர்களின் கதையை இந்தத் தோட்டத்துப் பெரியவர்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். கிழங்கும் வீட்டுக் கொல்லையில் விளைந்ததுதான். ஒன்றையே தின்றால் உடம்பு தாங்காது.

இப்போது நம் வகுப்புக்கு வருவோம். காலைச் சபையில் தலைசுற்றி உட்காரும் பிள்ளையைக் கேட்கிறேன். "என்ன சாப்பிட்டே?" "பிஸ்கட்டு, டீச்சர்." "ராத்திரி?" "பாக்கெட் மீ, டீச்சர்." பத்து மணிக்குக் கணக்குப் பாடம், பிள்ளை தூங்குகிறது. நான் தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து செம்பனைக் காட்டுக்குப் போகிறவளுக்கு மூன்று நிமிடத்தில் வேகிற மீ பெரிய உதவிதான். ஆனால் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மூன்று நிமிடமும் வேண்டாமே! இரண்டு சின்ன வெங்காயம், வறுத்த நெத்திலி போதும். வடித்த கஞ்சியையும் கொட்டாதீர்கள். கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடம் அதைவிட அதிகம். புழுங்கல் அரிசியும் சோறுதான், மலைபோல் குவித்துத் தின்னக் கூடாது. சோற்றைக் குறைத்துக் கீரையையும் பயற்றையும் கூட்டுங்கள். டின் பால் தேத்தண்ணியைப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள்.

கீரைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிக் குசினிக்குப் பின்னால் நிற்கும் முருங்கையை அடுத்த வாரம் கழிக்கப் போகிறோம். போத்து வேண்டியவர்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, ஒரு முழ ஆழத்தில் ஊன்றுங்கள். ஆடு எட்டாமல் வேலி கட்டுவது உங்கள் பொறுப்பு.