கல்லாவில் இருப்பதெல்லாம் கடைக்காரர் பணமா?



கடை கட்டும் வேளையிலே கல்லாவைத் திறக்கிறார் ஒரு சிறு வணிகர். நிறைந்திருக்கிறது பெட்டி, மலர்கிறது முகம். ஆனால், அதிலே ஒரு பங்கு சரக்கு தந்தவருக்கு; ஒரு பங்கு அரசுக்கு; எஞ்சியதுதான் அவருக்கு! அரசின் பங்கை அறியாமல் செலவழித்துவிட்டு, கெடு நாளன்று கடன் தேடி அலைகிறாரே, அந்த நிலையை மாற்றத்தான் இன்று இந்தக் கணக்கைப் பேசுகிறேன்.

விற்பனை வரி நமக்குப் புதியதன்று. 1939-ஆம் ஆண்டிலே, இராஜாஜி அவர்களின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சரக்குக் கைமாறுந்தோறும் வரி என்பது அன்றைய முறை. தமிழ்நாட்டில் 2007-இல் மதிப்புக் கூட்டு வரியும், நாடெங்கும் 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி.யும் வந்தன. வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்து, மீதியைக் கட்டுவதே இன்றைய முறை.

பெயிண்ட் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரி நூற்றுக்கு 18. கொள்முதல் 1,00,000 ரூபாய். அதற்குக் கொடுத்த வரி 18,000. விற்ற விலை 1,20,000. வாங்கியவரிடம் பெற்ற வரி 21,600. கட்டவேண்டியது 21,600 அன்று. வேறுபாடான 3,600 மட்டுமே!

வரி உட்பட 118 ரூபாய் என்று விற்றால் வரி எவ்வளவு? 118-க்கு 18 விழுக்காடு போட்டு, 21 ரூபாய் 24 காசு என்பார் சிலர். தவறு! 118-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்கள்; வரி 18 ரூபாய்தான். நூற்றுப் பதினெட்டுக்கு மூன்றேகால் ரூபாய் அளவுக்கு வீணாகப் போவது யாருடைய உழைப்பு?

ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாத வணிகருக்கு, நூற்றுக்கு ஒன்று கட்டும் காம்போசிஷன் முறையும் உண்டு. ஆனால் அதிலே வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. கொள்முதல் வரியைக் கழிக்கவும் இயலாது. வரியோடு 1,18,000-க்கு வாங்கிய அதே சரக்கை, வரி உட்பட 1,20,000-க்கு விற்பவர் கட்டவேண்டியது எவ்வளவு? பொது முறையில் ஏறத்தாழ 305 ரூபாய்; காம்போசிஷனில் 1,200! இலாபம் மெலிந்த கடைக்கு ஒன்று என்பதும் பெருஞ்சுமை. இலாபம் கொழுத்து, நேரே மக்களுக்கு விற்கும் கடைக்கோ அதுவே நிழல். ஆகவே, பெயரைப் பார்த்து மயங்காதீர். கணக்கைப் பார்த்துத் தெளிவீர்!

இன்னொன்று. ரசீது இல்லையேல் கழிவு இல்லை. சரக்கு தந்தவர் தம் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டாலும் கழிவு கிட்டாது. கெடு தவறினாலோ, ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வட்டி! மலிவு என்று துண்டுச் சீட்டிலே சரக்கெடுப்பவர், கழிவைக் கைநழுவ விடுகிறார்.

தோழர்களே! கடைவீதிக்குச் செல்லுங்கள். தினமும் விற்ற வரி, கொடுத்த வரி என இரு பத்திகள் எழுதச் சொல்லுங்கள். வேறுபாட்டைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வரிக் கொள்கையை நாம் விமர்சிக்கலாம். மாற்றக் கோரிப் போராடலாம். ஆனால், கணக்கறியாத வணிகர் கேள்வி கேட்க முடியாது. கணக்கறிந்தவரோ, அதிகாரியின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்பார்!