முட்டுநிலையும் மாற்றுவழியும்

(தேனியில் ஆற்றப்பெற்ற உரை)



கம்பம் பள்ளத்தாக்கினர் குமுளி மலைவழியை நன்கறிவர். குறுகிய வளைவில் ஏறும் சரக்குந்தும் இறங்கும் பேருந்தும் எதிரெதிர் நின்றுவிட்டால், ஒன்று விலகாமல் மற்றொன்று நகராது. இரண்டன் பின்னும் ஊர்திகள் நெருங்கி நிற்பதால் பின்வாங்கவும் இயலாது. எவ்வூர்தியிலும் பழுதில்லை, ஆயினும் எதுவும் நகரவில்லை. இதுவே முட்டுநிலை.

தானியங்கித் தொழிலகத்திலும் இது நேர்கின்றது. கடைசற்பொறியில் வேலை முடிந்த உருப்படி துளைப்பொறிக்குச் செல்லவேண்டும். துளைப்பொறியில் முடிந்தது கடைசற்பொறிக்கு வரவேண்டும். இடையே வைப்பிடம் இல்லை. ஒன்றையே பற்றவல்ல பொறிக்கை எதனை எடுத்து எங்கே வைக்கும்? இரண்டு பொறிகளும் நின்றுவிடும்.

கரணியம் என்ன? 1971-ஆம் ஆண்டில் காபுமன் முதலிய அறிஞர் மூவர், கணிப்பொறியை ஆய்ந்து, நான்கு நிலைமைகள் ஒருங்கே கூடினாலன்றி முட்டுநிலை நேராதெனக் காட்டினர். ஓரிடத்தை ஒருவரே கொள்ளல். கொண்டதை விடாது மற்றொன்றிற்குக் காத்தல். கொண்டதைப் பிறர் பறிக்க இயலாமை. காத்திருப்போர் வளையமாய் அமைதல். இவற்றுள் ஒன்றை நீக்கினும் முட்டு இல்லை.

ஒரு வேலையை வேறு பொறியிலும் செய்யலாமெனின் வழி நெகிழும். ஆனால், வழி பலவாதல் மட்டும் போதாது. உள்ளிருப்பவை யாவும் முடிந்து வெளியேற ஒரு முறையேனும் எஞ்சுமா எனக் கணித்த பின்னரே புதிய உருப்படியை உள்ளே விடல்வேண்டும். சபரிமலைச் செலவு பெருகும் நாள்களில் காவல்துறை ஊர்திகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்குவதும் இவ்வறிவே. எதிர்வரவு இல்லாதவிடத்து வளையம் அமைவதில்லை.

இத்துணையும் சொல்லத் தமிழ் எங்கேனும் தடுமாறிற்றா? இல்லை. ஆயினும், இப்பள்ளத்தாக்கிலிருந்து பொறியியல் பயிலச் செல்லும் பிள்ளைகளிற் பலர் இதனை ஆங்கிலத்தில் உருப்போட்டே தேர்வெழுதுகின்றனர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. நூல் போதவில்லையென்று மாணவர் தயங்குகின்றனர். மாணவர் இல்லையென்று நூலாசிரியர் எழுதாதிருக்கின்றனர். தமிழில் கற்றோர் இல்லையென்று தொழிலகத்தார் தமிழைப் புறந்தள்ளுகின்றனர். அங்கே வேலை இல்லையென்று மாணவர் மீண்டும் தயங்குகின்றனர். இதுவும் வளையமே, இதுவும் முட்டுநிலையே!

வளையத்தை அறுக்க எல்லாரும் ஒருங்கே எழவேண்டுவதில்லை. ஒரு கண்ணி விலகினாற் போதும். மாணவர் வருமுன் நூல் வரட்டும். தமிழாசிரியரும் பொறிஞரும் ஒன்றாயமர்ந்து, பொறிக்கொரு தமிழ்க் கையேடு எழுதுவாராக. காத்திருந்தது போதும்!