பேயும் பீரங்கியும்
(அதியமான்கோட்டைச் சொற்பொழிவு)



யுத்தகளத்தில் பேய் கொல்லுவதாகக் குறைந்த செலவில் படமெடுக்கிறார்கள். 2002-ல் வெளியான "டெத்வாட்ச்" என்னும் இங்கிலீஷ் சினிமாவில், 1917-ல் ஜெர்மானியர் பதுங்குகுழியில் புகுந்த சிப்பாய்கள் ஒவ்வொருவராய்ச் சாகிறார்கள். செலவென்ன? குழி, சேறு, இருட்டு, சில நடிகர்கள். மீதி வேலையை நமது பயமே செய்துவிடுகிறது.

ஆனால் 1914 முதல் 1918 வரை நடந்த அந்த யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் மாத்திரம் சுமார் 74,000 பேர் மாண்டார்களே, எந்தப் பேய் கொன்றது? பீரங்கியும் நோயுமல்லவா? அவர்களை அங்கே அனுப்பியவர் யார்?

இதே மயக்கம் இங்கும் உண்டு. இவ்வூர்க் காலபைரவரை வணங்கியே அதியமான் போருக்குப் போனான் என்கிறார்கள். அப்படியானால் தகடூர்ப் போரில் சேரனிடம் ஏன் தோற்றான்?

படம் பார்க்கவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பேயை விட்டுவிட்டு, யுத்தத்தை மூட்டினவனைத் தேடுங்கள் என்பதே நாம் கேட்பது.