பொழுது சாய்ந்தால் தடுமாறும் குட்டி

முதோள் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? மெலிந்த உடல், நீண்ட கால்கள். கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ள முதோள்தான் அதன் ஊர். 2005-ல் அதற்குத் தபால்தலையும் வந்தது. கண்ணை நம்பி ஓடும் வேட்டை நாய் அது.

அப்படி ஒரு குட்டி, பொழுது சாய்ந்ததும் படியில் இடறினால்? அடிக்காதீர்கள். விழித்திரை தேயும் நோயாக இருக்கலாம். பல இன நாய்களுக்கு இது வருகிறது. முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு பகல் பார்வையும் போகும். கீரை கொடுத்தால் தீரும் மாலைக்கண் அல்ல இது. பரம்பரை நோய். தாயும் தந்தையும் நன்றாகப் பார்க்கும். ஆனால் இரண்டின் உடலிலும் குறை மறைந்திருக்கும். சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு நோய் வரும்.

வேறு கண் நோயாகவும் இருக்கலாம். அதனால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரு ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழித்திரை தேய்வதைக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் வலியும் இல்லை. சோற்றுத் தட்டை இடம் மாற்றாதீர்கள். மாடிப்படிக்குத் தடுப்பு வையுங்கள். வெளியே கயிறு பிடித்துக் கூட்டிச் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குட்டி பழகிக்கொள்ளும்.

இன்னொன்றும் முக்கியம். அந்தக் குட்டியையும் அதன் தாய் தந்தையையும் இனி இணை சேர்க்காதீர்கள். விலைக்கு ஆசைப்பட்டால், வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு குட்டி இருட்டில் இடறும்.